மொரப்பூரிலிருந்து மொரப்பூருக்கு ஒரு டிக்கெட்

இன்று காலை மொரப்பூர் ஸ்டேஷன் கவுண்டரில்...

"எங்கம்மா போகணும்?"

"மொரப்பூருங்க சார்."

"இதாம்மா மொரப்பூர். போற ஊரைச் சொல்லுங்க."

"அதாங்க சார். மொரப்பூர்ல ஏறி, மொரப்பூர்லயே எறங்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். (எனக்கு ஒன்றும் ஆகவில்லை நண்பர்களே, நம்புங்கள்!)

விஷயம் இதுதான். ரயிலில் சுற்றுப்பயண டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. கிளம்பிய ஊரிலேயே பயணம் முடிய வேண்டும். நடுவில் எட்டு ஊர் வரை இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுப்பதைவிடச் செலவு குறைவு.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!

என்னைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: நானும் வீட்டுக்காரரும் பட்டுப்புழு வளர்க்கிறோம். கல்யாணமாகி இருபத்தொரு வருடம். புழுவுக்குத் தினமும் வேளை தவறாமல் மல்பெரித் தழை போட வேண்டும். ஒரு வேளை தவறினால் கூடு சரியாக வராது. அதனால் கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்தான் போவோம். நான் போனால் அவர் ஷெட்டில், அவர் போனால் நான் ஷெட்டில்.

சொந்தக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தது எங்கள் கல்யாணத்தன்றுதான். (சண்டையா என்று கேட்டவர்களும் உண்டு!)

ஒரு பேட்ச் கூடு கட்டி முடித்து, ஷெட்டைக் கழுவி மருந்தடித்து, அடுத்த பேட்ச் குட்டிப் புழு வருவதற்குள் பத்து நாள்தான் கிடைக்கும். பத்து நாளில் இந்தியாவைச் சுற்ற முடியுமா? ஒரு பேட்சைத் தள்ளிவைத்தால்தான் முடியும். இருபத்தொரு வருடத்தில் அவர் ஒரு பேட்சைக்கூடத் தள்ளியதில்லை.

ஆனாலும் இருபத்தைந்து நாளுக்குப் பிளான் போட்டேன். பெண் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், அவளுடைய பழைய ஸ்கூல் பேக் இரண்டு சும்மா கிடக்கின்றன. முதுகில் மாட்ட அவை போதும். முடிந்தவரை இரவு ரயில், ரூம் வாடகை மிச்சம். பகலில் சுற்றல். அவல், பொரிகடலை, ஊறுகாய் கையில் இருக்கும். மற்றதற்கு அந்தந்த ஊர் ரோட்டுக்கடை.

ஷெட்டில் ஒரு போர்டு இருக்கிறது. புழு வந்த தேதி, தோலுரித்த தேதி எல்லாம் அதில்தான் எழுதுவோம். அதன் அடியில் என் ஊர்களை எழுதிவைத்தேன். ஹைதராபாத், ஆக்ரா, அமிர்தசரஸ், ஹரித்வார், வாரணாசி, கொல்கத்தா, பூரி. ஏழுதான் தேறியது. எட்டாவதற்கு நம்பர் மட்டும் போட்டு விட்டுவிட்டேன்.

தழை போட வரும்போதெல்லாம் அவர் கண்ணில் படுமே!

பட்டது. முதல் நாள், "இருபத்தஞ்சு நாளு களி இல்லாம எப்படி இருக்கறது?" என்றார்.

"ராகி மாவு எடுத்துக்கலாங்க."

"ரயில்ல அடுப்பு மூட்டுவியா?"

அதோடு சரி. அப்புறம் எத்தனை தடவை கேட்டாலும் "பாக்கலாம்" என்ற ஒரே பதில். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்! ஆனால் போர்டில் எழுதியதை அவர் அழிக்கவும் இல்லை. ஒரு மாதமாக அந்த நம்பிக்கையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று விடிந்ததும், ஷெட் பக்கம்கூடப் போகாமல், "டிக்கெட் விசாரிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுபடி கவுண்டருக்கு வருவோம். நான் விளக்கியதும் அந்த சார் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம ஊர்ல இருந்து இதைக் கேட்டு நீங்கதாம்மா மொதல்ல வர்றீங்க. இந்த பேப்பர்ல ஊரெல்லாம் வரிசையா எழுதுங்க. சேலத்துக்கு எழுதிக் கேட்டுத்தான் போடணும், ரெண்டு மூணு நாள் ஆவும். ஆமா, எத்தனை பேரு?"

அவ்வளவுதான். பேனா அப்படியே நின்றுவிட்டது.

ஒன்று என்று எழுத மனசு வரவில்லை. தனியாகப் போக எனக்குப் பயமில்லை. ஆனால் தாஜ்மகால் முன்னாலும் தனியாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமா?

போன் போட்டேன். நாலாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் புழுக்கள் தழை தின்னும் சத்தம் சரசரவென்று கேட்டது.

"ஏங்க, எத்தனை பேருன்னு கேக்கறாங்க."

"போர்டைப் பாக்காமயா போன?"

"எதுக்குங்க?"

"குட்டிப் புழு குடுக்கறவருக்கு முந்தாநேத்தே போன் பண்ணிட்டேன். அடுத்த பேட்சு ஒரு மாசம் கழிச்சு அனுப்பினாப் போதும்னு. ரெண்டுன்னு எழுது புள்ள."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கவுண்டர் சார் பதறிப்போய், "வூட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, இரண்டு விரலைக் காட்டினேன்.

போனில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி போர்டுல எட்டாவது ஊர் நான் எழுதி வச்சிருக்கேன். மால்டா. கொல்கத்தாவுக்கு முன்னால வருது."

"அங்க என்னங்க இருக்குது?"

"அங்கயும் பட்டுப்புழு வளக்கறாங்களாம். எப்படித் தழை போடறாங்கன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்."

புழுவை விட்டுவிட்டு ஒரு மாதம் எங்காவது போகலாம் என்று இருபத்தொரு வருடமாகக் கேட்டவள் நான்!

எழுதினேன். எட்டாவது ஊர், கொல்கத்தாவுக்கு முன்னால்: மால்டா. ஆட்கள்: இரண்டு.

மால்டா பக்கம் யாருக்காவது ஆள் பழக்கம் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சுற்றிப் பார்க்க வந்தவர் தழைக்கூடையைத் தூக்கினால் அங்கே விடுவார்களா?

விடுவார்கள் என்றால் அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம், எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள்!