ரொட்டிக்காரி மெலித்தாவின் வழக்கு

ஏதென்ஸ் சந்தையில் ரொட்டிக்காரிகளின் வாயில் விழுந்தவன் லேசில் எழுந்திருக்க மாட்டான். அவர்களிலும் மெலித்தாவின் வாய்க்குத் தனி மரியாதை உண்டு. ரொட்டியைத் தொட்டு அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்தால் போதும், "ஏன்யா, ரொட்டிய அமுக்கிப் பாக்கறியே, உன் மண்டைய எவனாச்சும் அமுக்கிப் பாத்தானா? அதுலதான் உள்ள ஒண்ணுமே இல்ல" என்பாள். மீன்காரர்கள்கூட அவள் பக்கம் எச்சில் துப்ப யோசிப்பார்கள்.

செருப்புத் தைக்கும் லைசோனைக் கட்டிக்கொண்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. இருவரும் எலியும் பூனையுமாகச் சண்டை போடுவார்கள், ஆனால் ஒருவர் வராமல் மற்றவர் சாப்பிட்டதில்லை. ஐந்து வயதில் ஹெதேயா என்று ஒரு மகள். அவளுக்கு முன் ஓர் ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் பத்தாம் நாளுக்கு முன்பே போய்விட்டது. அது பிழைத்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லவே வேண்டியிருந்திருக்காது.

அந்த வருஷம் மெலித்தாவின் அப்பா இறந்தார். அவளுடைய ஒரே தம்பி முந்தைய கோடையிலேயே கடற்போரில் கப்பலோடு மூழ்கிவிட்டான். அப்பாவுக்கு அகார்னை ஊரில் ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆண் வாரிசு இல்லாமல் ஒருவன் செத்தால் எங்கள் ஊரில் நிலம் மகளுக்கு வராது, மகள்தான் நிலத்தோடு போவாள். செத்தவனின் மிக நெருங்கிய ஆண் பங்காளி எவனோ, அவன் நிலத்தையும் எடுத்துக்கொண்டு அவளையும் கட்டிக்கொள்ளலாம். அவள் ஏற்கெனவே இன்னொருவன் வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாலும் சரி, ஆண் பிள்ளை பெறாதவரை அவளைப் பிரித்துக்கொண்டு போகலாம். இந்தச் சட்டத்தை எழுதியவருக்கு மகள் இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அவளும் பாவம்தான்.

ஒன்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு போலெமோன் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, வயது அறுபது. சின்ன வயதில் மெலித்தாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திருவிழா காட்டியவர்.

"மாப்பிள்ளை, சுருக்கமா சொல்லிடறேன்," என்றார் லைசோனிடம். "எனக்கு வேண்டியது தோட்டம். அது வேணாம்னு நாலு சாட்சிங்க முன்னால சொல்லிடு. உன் பொண்டாட்டி உன்கிட்டயே இருக்கட்டும். நீ தோட்டத்தைக் கேட்டேன்னு வையி, நான் ரெண்டையும் எடுத்துக்குவேன்."

"சித்தப்பா! நான் உங்க அண்ணன் பொண்ணு!" என்றாள் மெலித்தா.

"நானா சொல்றேன்? சட்டம் சொல்லுதும்மா."

அவர் படியிறங்கியதும் அவள் லைசோனைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடுங்க. அந்தக் கொடியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அவர் எடுத்துட்டுப் போகட்டும்."

"கேக்கறவன் சிரிப்பான்டி. உங்கப்பா என்னைத் தத்தெடுத்த மாதிரிதான், அப்போ வாரிசு நான்தான். போன வருஷம் விருந்துல எல்லார் முன்னாலயும் 'மகனே'ன்னு கூப்பிட்டார் இல்ல?"

"குடிச்சா அவர் கழுதையைக்கூட மகனேன்னுதான் கூப்பிடுவார்!"

அவன் காதில் ஏறவில்லை. இந்த ஊரில் அறுந்த செருப்பு வாரோடு அவனிடம் வருகிறவனும் பாதி வக்கீல். "விடாதே லைசோன், ஜெயிச்சுடலாம்" என்று ஆளுக்கு ஆள் ஏற்றிவிட்டார்கள். சொந்தத் தோட்டம், சொந்தத் திராட்சை ரசம், பங்காளிகள் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி ஒரு நடை என்று அவனுக்குள்ளும் ஆசை முளைத்துவிட்டது. மெலித்தா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் உலை வைக்காமல் கிடந்தாள். அவன் போய் வழக்கைப் பதிந்துவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் தண்ணீர்த் துறையில் சித்தி அவளை மறித்தாள். போலெமோனின் மனைவி, மூன்று பிள்ளை பெற்றவள். தலையிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டே பேசினாள்.

"சந்தோஷமாடி? உன்னைக் கட்டிக்கணும்னு என்னை அனுப்பிட்டாரு. பெண்டாட்டி இழந்த ஒருத்தனைப் பிடிச்சு அவன் தலையில கட்டிட்டாரு. 'உனக்கும் ஒரு வழி பண்ணிட்டேன் பாரு'ங்கறாரு, உபகாரம் மாதிரி!"

"நான் கேட்டேனா சித்தி? நானா அவரைக் கூப்பிட்டேன்?"

சித்தி அவளையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னைச் சொல்லி என்ன ஆகப் போகுது? முப்பது வருஷம் அந்த ஆளுக்குத் துணி நெய்தேன். இன்னிக்கு 'நீ உடுத்தி நிக்கிற துணி உன்னுதா'ங்கற மாதிரி என்னை ஒரு பார்வை பாத்தாரு. அவரு அடுப்புல இடி விழ!" என்றாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி போலெமோனை வைதார்கள். வைதது நியாயம்தான், ஆனால் அதனால் அவருக்கு ஒரு முடிகூட உதிரவில்லை.

வழக்கு நாளன்றும் மெலித்தா சந்தையில்தான் இருந்தாள். கூப்பிடு தூரத்தில் மன்றம். ஆனாலும் பெண்பிள்ளை உள்ளே போகக் கூடாது, பேசக் கூடாது. மானமுள்ள வீட்டுப் பெண்ணின் பெயரைக்கூட அங்கே உச்சரிக்க மாட்டார்கள். ஊரைக் காக்கிற தெய்வம் ஒரு பெண், அவள் பெயரைத்தான் ஊருக்கே வைத்திருக்கிறோம். வெட்கம் கெட்ட ஊர்.

தீர்ப்புச் சொல்லப் போகிறவர்கள் போகிற வழியில் அவளிடம்தான் ரொட்டி வாங்கினார்கள். வாயில் அடைத்துக்கொண்டே ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், "இன்னிக்கு என்னப்பா வழக்கு?" என்று கேட்டார்.

"ஏதோ திராட்சைத் தோட்டம். ஒரு கிழவனும் செருப்புத் தைக்கிறவனும் அடிச்சுக்கறாங்க."

"ஒரு பொம்பளையும் இருக்காளாமே?"

"இருப்பா. தோட்டம்னா ஆடு மாடு இல்லாமலா?"

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிரித்துக்கொண்டே சில்லறையைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சந்தையே நடுங்கும் வாய் மெலித்தாவுக்கு. அன்று சில்லறையை எண்ணி மடியில் முடிந்துகொண்டதோடு சரி. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு லைசோன் வந்தான். கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"போச்சு மெலித்தா. தோட்டம் போச்சு. மேட்டுப் பக்கத்துல ஒரு நாலு வரிசையாவது கொடுப்பாங்கன்னு பாத்தேன், அதுவும் இல்ல. மொத்தமும் கிழவனுக்கே."

அவள் காத்திருந்தாள். அழுது முடித்ததும் மற்றதைச் சொல்வான் என்று நினைத்தாள். அவன் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் தோட்டத்துக்கே அழுதான்.

"நான்?" என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது. "நீயும்தான். நாளைக்குக் காலையில வண்டி அனுப்பறாராம். ஹெதேயா என் பொண்ணு, அவளை யாரும் கேக்க முடியாது. அவ என்கிட்டயேதான் இருப்பா."

ஏதோ ஒரு நல்ல செய்தியைச் சொல்வதுபோல அதைச் சொன்னான்.

"சித்தப்பா திருடன்," என்றாள் மெலித்தா. குரலை உயர்த்தவில்லை. "வர்றேன்னு வாசல்ல வந்து சொல்லிட்டுப் போன திருடன். கதவைத் திறந்து விட்டது நீ."

கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மகளை ஒரு தரம் குளிப்பாட்டித் தலை வாரிவிட இன்னும் அரை நாள் இருந்தது. வீட்டுப் பக்கம் நடந்தாள். லைசோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"நீ வராதே" என்றாள்.