கீழே போகும்போது சொல்லும் ஜெபம்

எங்கள் மருத்துவமனை லிஃப்ட்டில் பிணம் ஏறினால் ஒரு விதி உண்டு. வேலையாட்களைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது, எந்த மாடியிலும் நிற்கக் கூடாது. லிஃப்ட்டண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து, பொத்தான்களுக்குக் கீழே உள்ள துளையில் போட்டுத் திருப்புவார். அதன்பிறகு லிஃப்ட் நேராக அடித்தளத்தில்தான் போய் நிற்கும். சவக்கிடங்கு அங்கேதான் இருக்கிறது. போகிற வழியில், கதவைப் பார்த்தபடி அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "ஆண்டவரே, இவங்க தனியா போகல, நீங்க கூட இருக்கீங்க." போகிறவர் எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்றெல்லாம் அவர் விசாரித்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிணத்தோடு இறங்க அவருக்குக் குலை நடுங்குமாம். அந்தப் பயத்துக்காக ஆரம்பித்த ஜெபம் அது. பயம் போய்விட்டது, ஜெபம் தங்கிவிட்டது.

துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பிண வண்டியோடு அவளும் அடிக்கடி இறங்குவாள். "அண்ணே, அவங்க போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே யாருக்கு இந்தச் சிபாரிசு?" என்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவன். லிஃப்ட் எனக்கு நேர் எதிரே. மேலே போகும் முகங்களையும் இறங்கி வரும் முகங்களையும் பார்த்துப் பார்த்து, நம்பிக்கை கிம்பிக்கை எல்லாம் எனக்குச் சுலபத்தில் வராமல் போய்விட்டது. லிஃப்ட்டண்ணனுக்கோ அது எரிச்சல் மூட்டும் அளவுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ராகம் ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாகப் பாடுவார். பக்கத்தில் உட்கார்ந்து திருத்திப் பார்த்து அலுத்துப்போனவள் அவர் மனைவி. பிள்ளைகள் கிடையாது. அவருக்கு அவள், அவளுக்கு அவர், அவ்வளவுதான்.

அந்த மனைவிக்குத்தான் ரத்தப் புற்று வந்தது. மூன்றாம் மாடி பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் சேர்த்தார்கள். லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கும்போதெல்லாம் அவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி வார்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பார். லிஃப்ட்டுக்குள் இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

ஒரு நாள் அவளைத் தரைத்தளத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்தே தலையோடு கால் போர்த்திக்கொண்டுதான் தூங்குவாள். அன்றும் வண்டியில் அப்படியே தூங்கிவிட்டாள். தள்ளி வந்தவர் வேலைக்குப் புதியவர், காதில் போன் வேறு. லிஃப்ட்டண்ணன் முழுக்கப் போர்த்திய உருவத்தைப் பார்த்தார். கை தானாகச் சாவியைத் திருப்பியது. வாயும் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆண்டவரே, இவங்க தனியா போகல..."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏங்க, நான் இன்னும் போகவே இல்லைங்க."

துடைப்பத்தோடு மூலையில் நின்ற ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாளாம். மனைவியும் சிரித்தாளாம். லிஃப்ட் அடித்தளத்தில் போய் நின்று, சவக்கிடங்கின் கதவு எதிரே தெரிந்தபோதுதான் அவள் சிரிப்பு அடங்கியது. அவருக்கோ சிரிப்பே வரவில்லை.

அன்றோடு அவர் ஜெபத்தை நிறுத்திவிட்டார். பிணங்கள் இறங்கின, சாவி திரும்பியது, வாய் திறக்கவில்லை. தேவாலயத்துக்கும் போகவில்லை. "உயிரோட இருக்கிறவளுக்குச் சாவு ஜெபம் பண்ணிட்டேனே தம்பி, என் வாயாலேயே அனுப்பி வெச்சுட்டேனே" என்று என் ஜன்னலில் நின்று அழுதார். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் அதட்டினேன். அவளுக்கோ அந்த வாரமே காய்ச்சல் கூடிவிட்டது. என் அதட்டல் எடுபடுமா என்ன?

அவள் மோசமாகிக்கொண்டே போனாள். ஒரு மதியம் மருந்தை நானே மேலே எடுத்துப் போனேன். அவர் கட்டிலருகே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஜெபத்தை நிறுத்திட்டீங்களாமே, ரேடியோ சொன்னா," என்றாள் அவள்.

"அதைப் பத்திப் பேசாத."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ராத்திரி எல்லாம் பயமா இருக்கு." அவள் மூச்சு வாங்கினாள். "ஆனா அன்னைக்கு லிஃப்ட்ல நீங்க சொன்னீங்களே, அப்ப கொஞ்சம் பயம் விட்டுச்சு. சிநேகிதன் கல்லறை முன்னாடி நின்னு ஆண்டவரே அழுதாருங்க. நீங்களும் அழுங்க, யார் வேணாங்கிறா? வாயை மட்டும் மூடிடாதீங்க. அப்புறம் ஒண்ணு, கீழ போறவங்களுக்கு மட்டும் ஏன் சொல்றீங்க? அவங்க அவர்கிட்ட போயிட்டாங்க. மேல வர்றவங்கதான் பயந்து சாகுறாங்க."

நான் மருந்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அங்கே நிற்கத் தைரியம் இல்லை.

அவள் ஒரு காலைப் பொழுதில், பார்வை நேரக் கூட்டம் கீழே சேரத் தொடங்கியபோது இறந்தாள். இன்றைக்கு வேறு ஆளைப் போடுகிறோம் என்றார் மேலாளர். லிஃப்ட்டண்ணன் சாவியைக் கொடுக்கவில்லை. "நான்தான் கொண்டுபோவேன்," என்றார்.

வண்டி ஏறியது. கூடவே ரேடியோவும் ஏறினாள். அவர் சாவியைத் திருப்பினார். கதவைப் பார்த்தபடி நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முதல் மாடியைத் தாண்டியும் வரவில்லை. அப்போது ரேடியோ, கோயில் குளம் எதற்கும் போகாத ரேடியோ, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஆண்டவரே, இவங்க தனியா போகல, நீங்க கூட இருக்கீங்க."

ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாளாம். இத்தனை காலம் கேலி பண்ணிக்கொண்டே மனப்பாடம் பண்ணியிருக்கிறாள் பாவி. அதன்பிறகு அன்று முழுக்க அவள் பேசவே இல்லை.

சவக்கிடங்கு வாசலில் வண்டியோடு ரேடியோ நின்றுகொண்டாள். மேலே கூட்டம் மணியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. லிஃப்ட்டண்ணன் தனியாக ஏறிக் கதவைச் சாத்தினார். இத்தனை வருடம் அந்தப் பெட்டிக்குள் நின்றவருக்கு, முதல் நாள் போலக் குலை நடுங்கியதாம். வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்ததாம். லிஃப்ட் மேலே ஏறத் தொடங்கியது. அப்போது மேலே போகிறவர் அவர் ஒருவர்தான்.

"ஆண்டவரே, இவன் தனியா போகல..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது.

கதவு திறந்ததை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் நிற்பது என்று கத்திக்கொண்டே ஜனங்கள் உள்ளே புகுந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் ஓரமாக ஒடுங்கி நின்றாள். அவர் முகமெல்லாம் ஈரம். துடைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார், எல்லாரையும் பார்த்தார். கதவைச் சாத்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே, என் ஜன்னல் வரை கேட்கும்படி மீதியைச் சொன்னார்.

"நாங்க யாரும் தனியா போகல ஆண்டவரே, நீங்க கூட இருக்கீங்க."