நான் துப்பிய கோதுமை பீர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் முப்பது வயதுக்குள் புதுச்சேரியில் சொந்தமாக மதுக்கடை வைத்தேன். எந்தச் சரக்கானாலும் நாக்கில் ஒரு சொட்டு போதும், தரத்தைச் சொல்லிவிடுவேன். குடிக்கிறவர்கள் எல்லோரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து திரும்பிய அந்துவான் கடைக்கு வந்தார். பட்டாளம் முகாமிட்டிருந்த பெர்லினில் ஒரு சின்ன ஆலையில் கற்றுக்கொண்ட புளிப்புக் கோதுமை பீரை வீட்டிலேயே காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார்.

“குடிச்சுப் பாருங்கண்ணே. நீங்க கடையில வெச்சா நான் இங்கயே பொழச்சிக்குவேன். இல்லன்னா பிரான்சுக்குக் கப்பல் ஏறணும்” என்றார்.

கடை நிறைய ஆட்கள். ஒரு மடக்கு குடித்தேன். நுரைக்கு அடியிலிருந்த புளிப்பு தொண்டையைக் குளிரவைத்தது. அரியாங்குப்பத்தில் அடுத்தவர் நிலத்தில் களை பறித்த நாட்களில், பசிக்கு நான் குடித்து வளர்ந்த நீராகாரத்தின் புளிப்பு அது. என் முகம் அந்தப் பழைய பசியைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து தரையில் துப்பினேன்.

“என்னா சொல்தா, மாட்டுக்கு வெச்ச கழனித்தண்ணிய எடுத்தாந்துட்டியா?”

கடையே சிரித்தது. “அது அப்படித்தாண்ணே இருக்கணும்” என்று சொல்லி, குவளையை என்னிடமே விட்டுவிட்டுப் போனார் அந்துவான்.

கூட்டம் கலைந்ததும் மீதியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல நினைத்தேன். என் வீம்பு விடவில்லை. அந்த மாதமே அவர் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்.

இன்றும் என் நாக்கைப் புகழ்கிறார்கள். அப்போதெல்லாம் அந்தக் குவளை ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொள்கிறேன். பார்ப்பவர்கள் அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள்.