வுழு, புடிப்பாங்க

ராஜாம்பாளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் டெல்லியில் அவள் வாங்கிய விருதில்தான் ஆரம்பிக்கிறார்கள். சங்கராபுரத்தில் மூடிக்கிடந்த மல்லாட்டை எண்ணெய் மில்லில், வேர்க்கடலை ஆட்டிய அந்தக் கொட்டகையில், ஆரம்பிக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அதனால் நான் சொல்கிறேன். நான் அவள் குழுவின் பாட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே பாடினேன். ஆட்டம் எனக்கு வராது.

திருநாவலூர்ப் பக்கத்து விவசாயி மகள் அவள். சென்னையில் பரதம் படித்துவிட்டு, வேலை செய்கிற உடம்பு எப்படி அசைகிறதோ அதுதான் இனி என் ஆட்டம் என்று சலங்கையைக் கழற்றி வைத்தாள். எண்பத்து நாலில் ஊர் திரும்பி, கல்யாணமும் வேண்டாம் என்றாள். அப்பா வாசற்படி ஏற விடவில்லை. மில்லை வாடகைக்குப் பிடித்து, நடவு நடுகிற பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்தாள். பாதி ஊர்ப் பெண்கள், பாதி காலனிப் பெண்கள். மேடைக்கு இடம் பேசுவது, வேன் பிடிப்பது, புருஷன்மாரிடம் மல்லுக்கு நிற்பது எல்லாம் அவளே.

எங்கள் பக்கத்து நடவில் ஊர்ப் பெண்ணும் காலனிப் பெண்ணும் ஒரே சேற்றில், ஒரே வரிசையில் பின்பக்கமாக நடந்துகொண்டே நாற்றை ஊன்றுவார்கள். வரப்பேறினால் தண்ணீர்க் குடம் வேறு. ராஜாம்பாள் மில்லில் ஒரே குடம்தான் வைத்தாள். முதல் வாரம் ஊர்ப் பெண்கள் தாகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் குடித்தார்கள்.

அவள் கட்டிய ஆட்டத்துக்குப் பெயர் நடவு. எட்டுப் பேரும் குனிந்து பின்னாலேயே வருவார்கள். முடிவில் காலனிச் சாலம்மாள் மட்டும் நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல் அப்படியே பின்னால் சாய வேண்டும். ராணியம்மாளும் மற்றவர்களும் கையில் ஏந்தித் தலைக்குமேல் தூக்குவார்கள். ராணியம்மாள் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பெண். சாலம்மாளின் அம்மா அவர்கள் கழனியில்தான் வேலை செய்தாள். ஆரம்பத்தில் சாலம்மாள் சாயவே மாட்டாள்.

"வுழு சாலம்மா, புடிப்பாங்க" என்பாள் ராஜாம்பாள். மாதக்கணக்கில் இதையே சொன்னாள். ஒரு சாயங்காலம் சாலம்மாள் விழுந்தாள், பிடித்தார்கள். அன்று ராஜாம்பாள் மில் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "ஒருத்தி கனத்த இன்னொருத்தி தாங்கிட்டா, அப்புறம் எவன் வந்து பிரிப்பான் சொல்லு" என்று என்னிடம் கேட்டாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

புதுச்சேரியில் ஆடினோம், சென்னையில் ஆடினோம். "அசலூருல கையப் புடிக்கறது பெரிசா? நம்ம ஊர் சனம் பாக்கணும், அதான் ஆட்டம்" என்று சங்கராபுரத்திலேயே மேடை போட நாள் குறித்தாள். எண்பத்தேழு செப்டம்பர்.

அந்த மாதம்தான் எங்கள் ஊர்ச் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் செய்தார்கள். ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. கேட்டதில் நியாயம் இருந்தது, என் தம்பியே மறியலில் நின்றான். ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவே சாலம்மாளின் காலனியில் ஒரு வரிசைக் கூரை எரிந்ததே, அதில் என்ன நியாயம்? யார் வைத்தது என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாதவரும் யாரும் இல்லை. தீ வைத்த கும்பலில் ராணியம்மாளின் அண்ணன் சடையன் இருந்தான்.

எல்லாரும் வேண்டாம் என்றோம். ராஜாம்பாள் கேட்கவில்லை. இப்போது ஆடாவிட்டால் எப்போது ஆடுவது என்று ஒரு மாதம் கழித்து மேடை போட்டாள். ஆச்சரியம், எட்டுப் பேரும் வந்தார்கள். கூட்டத்தில் சடையனும் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

கடைசிக் கட்டம் வந்தது. சாலம்மாள் நிமிர்ந்தாள். ராணியம்மாள், அண்ணன் பார்க்கப் பார்க்கவே, இரண்டு கையையும் நீட்டினாள். அது சின்ன விஷயமில்லை, வீட்டில் அவளுக்கு என்ன காத்திருந்தது என்று எங்களுக்குத் தெரியும். நான் பாட்டை இழுத்தேன். மறுபடி இழுத்தேன். சாலம்மாள் முதுகைக் காட்டியபடி நின்றாள். விழவில்லை. பிறகு இறங்கி நடந்துவிட்டாள்.

மில்லுக்குத் திரும்பியதும் ராணியம்மாள் கேட்டாள்: "நான் கைய நீட்டிக்கினுதான இருந்தேன் சாலம்மா. புடிச்சிருக்க மாட்டனா?"

"புடிச்சிருப்பீங்க" என்றாள் சாலம்மாள். மூன்று வருஷமாக வாக்கா போக்கா என்று பேசியவள் அன்று ங்க போட்டாள். "உங்க கைமேல எனக்கு சந்தேகம் இல்லீங்க. ஆனா வூட்டுக்குப் போயி அதே கையாலதான உங்க அண்ணனுக்கு சோறு போடுவீங்க?"

சாலம்மாள் குடத்துத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அந்த வாரமே புருஷனோடு பெங்களூருக்குச் செங்கல் சூளை வேலைக்குக் கிளம்பினாள். ராணியம்மாளை அதன்பிறகு வீட்டைவிட்டு அனுப்பவில்லை. குழு அத்தோடு போயிற்று.

ராஜாம்பாள் சென்னைக்குப் போய், தேர்ந்த நடனக்காரிகளை வைத்து நடவைத் திரும்பக் கட்டினாள். அதில் யாரும் விழுவதில்லை. ஒருத்தி முதுகைக் காட்டி நிற்பாள், பின்னால் கைகள் நீண்டிருக்கும், விளக்கு அணையும். முடிவென்றால் இதுதான் முடிவு என்று பத்திரிகைகள் கொண்டாடின. அதற்குத்தான் விருது. நானும் போய்ப் பார்த்தேன். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண்களுக்கென்று விழாக்கள் நடத்தினாள், பிற பெண்களின் குழுக்களை ஊர் ஊராக அனுப்பினாள். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தானாக ஒரு குழு சேர்க்கவில்லை. கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைப் பெண்களுக்கு ஆட்டம் சொல்லித்தர வந்தாள். நானும் கூடப் போனேன். இரண்டு நாள் சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிற்று. மூன்றாம் நாள் அவளையறியாமல் பழைய பயிற்சிக்கு வந்துவிட்டாள். ஒரு பெண்ணை முதுகு காட்டி நிற்கவைத்தாள்.

அந்தப் பெண் திரும்பாமலேயே கேட்டாள்: "நெசமா புடிப்பாங்களாக்கா?"

ராஜாம்பாள் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். மில்லில் எத்தனை சாயங்காலம் கேட்ட வார்த்தை.

"தெரியலம்மா" என்றாள். "நீ போயி உக்காரு."

மத்தியான பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டோம்.