கலியாண மணிக்கூடு

என் மாமனார் தந்த மணிக்கூடு அசல் என்று தெரிந்த பிறகும் அதைப் போலி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை.

எழுபத்தேழில் இறக்குமதித் தடை நீங்கிய பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் கப்பல் கப்பலாக இறங்கிய காலம். கிளிநொச்சியில் படிப்பித்துக்கொண்டிருந்த நான், சீதனத்தோடு கையில் கட்ட ஒரு சுவிஸ் மணிக்கூடும் கேட்டேன், கம்பனியின் பெயரையும் சொல்லி. அந்தக் கம்பனியின் கதை எனக்கு மனப்பாடம். பனி மூடிய மலைக் கிராமத்தில், தோட்ட வேலை இல்லாத மாதங்களில் கமக்காரர் யன்னலடியில் இருந்து பற்சக்கரம் அராவி, தலைமுறை தலைமுறையாக எடுத்த பெயர் அது. சஞ்சிகைகளில் வந்த விளம்பரங்களை வெட்டி வைத்திருந்தேன்.

மாமனார் தர்மபுரத்தில் மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். அவருடைய நெடுநாள் சிநேகிதரான முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி ஒருவர், தன் தகப்பன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டையே அவருக்கு விற்றார்.

பந்தலில் அதை என் கையில் கட்டினார்கள். விளம்பரங்களில் கம்பனியின் முத்திரை உலோகத்தில் புடைத்து நிற்கும். இதில் மையால் அச்சிட்டிருந்தது.

“மாமா, இது போலி. உங்களை ஆரோ பேய்க்காட்டிப்போட்டினம்,” என்றேன், சபை கேட்க. “மிளகாய்க்கண்டு பாக்கிற கண்ணுக்கு இது விளங்காதுதானே.”

“மாப்பிள்ளைக்கு ஒரு சேவலைக் குடுங்கோ, நேரத்துக்குக் கூவும்!” என்றது பின்வரிசை.

மாமனார் அடுத்த நாளே முல்லைத்தீவுக்குப் போய், கடை வாசலில் நின்று சிநேகிதரைக் கள்ளன் என்று ஏசிவிட்டு வந்தார். என் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை.

அந்த மாதம் மணிக்கூட்டைத் துப்புரவாக்கக் கொடுத்தேன். திருத்துகிறவர் பின்மூடியைக் கழற்றியபோது எட்டிப் பார்த்தேன். உள் எந்திரத்தில் கம்பனியின் பெயரும் இலக்கமும் வெட்டப்பட்டிருந்தன. நான் வெட்டி வைத்த விளம்பரங்கள் புது மணிக்கூடுகளுக்கானவை. இது அவற்றுக்கு முந்தியது, முத்திரையை மையால் அச்சிட்ட காலத்தது. வீட்டில் இதைச் சொல்லவில்லை; கேட்டவர்களிடம் போலி என்றே சொன்னேன்.

குழந்தை பிறந்து தவழும்போது மனைவி கேட்டாள்:

“பொய் மணிக்கூடு எண்டா ஏன் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுறியள்?”

“உன்ர வேலையைப் பார்.”

“அப்பா இன்னும் பேரப்பிள்ளையைத் தூக்கேல்லை. மறுமொழி சொல்லுங்கோ.”

சொன்னேன். அவள் அலுமாரித் திறப்பை என் கையிலிருந்து பிடுங்கினாள். மணிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்து, “கொண்டுபோய் அவரிட்டைச் சொல்லுங்கோ,” என்றாள்.

மாமனார் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் நிமிராமலே கேட்டார்.

“எப்ப தெரியும்?”

“கலியாணம் முடிஞ்ச மாதம்.”

“எனக்கு ஏன் சொல்லுறீர்? நான் கள்ளன் எண்டு ஏசின மனிசனுக்கு வந்து சொல்லும்.”

முல்லைத்தீவு பஸ்ஸில் அவர் முன்னால் இருந்தார், நான் பின்னால். கடையில் வியாபாரி முழுவதையும் கேட்டார்.

“சபையில சொன்ன கதையை இப்ப கடைக்குள்ள வந்து காதுக்குள்ள சொல்லுறீங்க, மாஸ்டர்.”

மைத்துனியின் கலியாணம் வந்தது. பந்தலில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். “மாஸ்டர், இந்த மாப்பிள்ளையின்ர மணிக்கூட்டையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்!” என்று பின்வரிசை கத்தியது. மாமனாரும் வியாபாரியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

மணிக்கூட்டை மாமனாரிடம் நீட்டினேன். வாங்கி என் மனைவியிடம் கொடுத்தார். அவள் பட்டியில் இன்னோர் ஓட்டை போட்டுத் தன் கையில் கட்டிக்கொண்டாள். அதன்பிறகு மணி என்ன என்று நான் அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. சில வேளை சொல்வாள்.