ஆமைக்கு வந்த கரண்டு

எங்கள் அத்தா கல்யாணங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் காஸ் லைட் வாடகைக்கு விடுகிறவர். மதுரையில் எங்கள் தெருவுக்குள் வீடு வீடாகக் கரண்டு நுழைந்துகொண்டிருந்த காலம் அது. "கம்பியில ஓடுற சைத்தான். நான் இருக்குற வரைக்கும் என் வீட்டுக்குள்ள வராது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அத்தா சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஐப்பசியில் மேலூர்க் கல்யாணத்துக்கு விளக்குக் கொண்டுபோன மாமா, பாறையோரம் கிடந்த ஒரு கட்டாமையை எனக்காகப் பிடித்து வந்தார். ஓடு முழுக்க மஞ்சள் நட்சத்திரம். முற்றத்து வெயிலில் முருங்கைக்கீரையை மென்றுகொண்டு உற்சாகமாகத் திரிந்தது. பிறகு அடைமழை பிடித்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செத்துவிடும் என்று நான் அழுதேன்.

"வெயில் இல்லாமத்தான் சொணங்கிக் கிடக்கு. நம்ம வீட்ல இல்லாத வெளிச்சமா?" என்றார் மாமா.

சிம்னி விளக்கை வைத்தோம். ஆமை சட்டை செய்யவில்லை. அரிக்கேனில் புகைதான் மிச்சம். கடைசியில் அத்தாவே காஸ் லைட்டுக்குப் பம்பு அடித்து ஏற்றினார். அதன் உஸ்ஸென்ற சத்தத்துக்கு ஆமை இன்னும் உள்ளே போயிற்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் மாமாவும் நானும் ஆமையைக் கூடையில் வைத்து எதிரே இருந்த தையற்கடைக்குத் தூக்கிப்போனோம். அங்கே மேசைக்கு மேல் ஒரு பல்பு தாழத் தொங்கியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கால் வந்தது. தலை வந்தது. கழுத்தை நீட்டிக் கீரையை ஒரு கடி கடித்தது. நான் போட்ட கூச்சலில் தையற்காரர் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார்.

செய்தியைக் கேட்ட அத்தா தாடியைத் தடவினார். "வாயில்லாச் சீவன். பட்டினி போட்டா நாளைக்கு அல்லாவுக்கு யாரு பதில் சொல்றது?"

சீக்கிரமே கரண்டு வந்துவிட்டது. முற்றத்து மூலையில் ஆமைக்கு ஒரு பல்பு. கூடத்தில் ஒன்று. அடுப்படியில் ஒன்று.

"ஏங்க, ஆமைக்குச் சரி. அடுப்படிக்கு எதுக்கு?" என்றார் அம்மா.

"அங்கிட்டுப் போயிருச்சுன்னா?"

வயரிங் செய்ய வந்தவர் பீங்கான் சுவிட்சை மாட்டிக்கொண்டே, "அண்ணே, ஆடியிலயே நீங்க எடுத்து வைக்கச் சொன்ன சாமான்தான் அம்புட்டும்" என்றார். அத்தாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஐப்பசியில் ஆமை வரப்போவது ஆடியிலேயே எங்கள் அத்தாவுக்குத் தெரியும் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கேட்ட பெரியவர்கள் எல்லாரும் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.