பாதி மீசை எடுத்த முனிராஜண்ணன்

முனிராஜண்ணன் போய்விட்டார்.

நேற்றுக் காலை கடையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாராம். நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மக்களே, ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கும் வெளியூர்ப் பெருமக்களே, யார் இந்த முனிராஜ் என்று கேட்பீர்கள். ஓசூரில் எங்கள் தெரு முனையில் சலூன் வைத்திருந்தவர்.

ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு ஃபேன். உண்மையான பார்லிமென்ட் அங்கேதான் நடந்தது. டெல்லியில் இருப்பது அதன் பிராஞ்ச் ஆபீஸ்.

வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் கன்னடம். மூன்று மொழியிலும் ஒரே சப்ஜெக்ட்... எலக்ஷன்.

"ஏம்பா, உங்க கம்பெனியில சேர்ந்தா ஆறு மாசம் புரொபேஷன் இருக்குதில்ல? ஸ்க்ரூ முடுக்கறவனுக்கே புரொபேஷன். வார்டையே முடுக்க வர்றவனுக்கு வேணாமா? ஆறு மாசம் பாக்கணும். சரியில்லன்னா கேட்டுக்கு வெளிய!"

மறுத்துப் பேச முடியாது. கழுத்தில் கத்தி இருக்கும்போது எந்த வீரனும் எதிர்க்கட்சி ஆக மாட்டான்.

எங்கள் தெரு முழுக்க வாடகை வீடுகள். விருதுநகர், தஞ்சாவூர், சேலம் என்று எங்கிருந்தோ கம்பெனி வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். குடிநீர்க் குழாய் தெரு முனை வரைக்கும் வந்து, எங்களைப் பார்த்து வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

பெண்கள் அடுத்த தெருவுக்குப் போய்க் குடம் குடமாகத் தூக்கி வந்தார்கள். அந்தத் தெருக்காரர்களிடம் தினம் ஒரு பேச்சும் வாங்கி வந்தார்கள்.

ஒரு நாள் திரண்டு போய் அப்போதைய கவுன்சிலரைப் பார்த்தோம். படை நடத்திப் போன மாமன்னன் வேறு யார்... அடியேன்தான். முனிராஜண்ணனும் கூட வந்தார்.

கவுன்சிலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "உங்க தெருவுல வீடு இருக்குது, ஆள் இருக்குது. ஓட்டு எங்கங்க இருக்குது?"

எங்கள் ஓட்டெல்லாம் சொந்த ஊரில். எங்களுக்கு எலக்ஷன் என்றால் லீவு, பஸ், ஊர், கறிக்குழம்பு... அப்படியே போகிற வழியில் ஒரு பட்டன்.

திரும்பி வரும் வழியெல்லாம் முனிராஜண்ணன் என் மீசையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு, மீசையை ட்ரிம் பண்ண உட்கார்ந்தேன். அந்த மீசையைப் பற்றி ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏறி நின்றால் தெரியும். நாகரசம்பட்டி மாம்பழத்தை முனைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டாலும் வளையாது.

இடது பக்கத்தை மொத்தமாக வழித்தார். கத்தியை மடக்கி வைத்துவிட்டார்.

"அண்ணா... இன்னொரு பக்கம்?"

"அத உங்க ஊர்ல போயி எடுத்துக்கோ. ஓட்டு அங்கதான இருக்குது?"

"விளையாடாதீங்கண்ணா, நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்!"

"நானும் விளையாடல. தண்ணி இங்க குடிக்கற, ஓட்டு அங்க போடற. பாதி ஆளுக்குப் பாதி மீசைதாம்பா."

மீதியை நானே எடுத்திருக்கலாமே என்பீர்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சிரித்து முடித்த பிறகு என் மனைவி செய்த முதல் வேலை, ரேசரை எடுத்து ஒளித்து வைத்தது.

"தர மாட்டேன். தெரு தாண்டிக் குடம் தூக்குறது நானா, உங்க மீசையா? போயி அந்தாள் சொல்றதச் செய்ங்க."

மறுநாள் கம்பெனி கேட்டில், முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மிஷின் என்னை ஏற்க மறுத்தது. செக்யூரிட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மிஷின் பாதிக்குத்தான் ஒத்துக்குது" என்றான். அன்று லைன் ஓடவில்லை, லைனில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷிப்ட் முடிந்ததும் நேராகப் போய் ஓட்டை இந்த முகவரிக்கு மாற்ற மனுப் போட்டேன். சலூனுக்குப் போனேன். வலது பக்கத்தையும் எடுத்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.

கதை தெருவெல்லாம் பரவியது. அந்த நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவனும் முதலில் மீசையைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணா, நான் மாத்திட்டேன்!" என்றுதான் ஆரம்பித்தான். மீசை இல்லாதவர்களை அவர்கள் வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த தேர்தலுக்கு எங்கள் தெருவுக்குள் வராத கட்சி இல்லை. கை எடுத்துக் கும்பிட்ட எல்லோரிடமும் முனிராஜண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "குழாய் எப்போங்க?"

உடனே வரவில்லை. இழுத்தார்கள், அளந்தார்கள், தோண்டிப் போட்டுவிட்டு மறந்தார்கள். ஆனால் வந்தது... வீட்டுக்கு ஒரு குழாய்.

கவுன்சிலருக்கு புரொபேஷன் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு முனிராஜண்ணன் நாடு முழுக்கப் பாதி மீசை எடுத்திருக்க வேண்டும். ஆள் ஒருத்தர், என்ன செய்வார்...

அண்ணா, நன்றி. எங்கிருந்தோ பிழைக்க வந்தவன், எப்போ வேண்டுமானாலும் கிளம்புகிறவன் என்று இருந்த என்னை இந்த ஊர்க்காரன் ஆக்கினீர்கள். இதைச் சீரியஸாக ஒரு தடவையாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

இன்று காலை அவரைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. அவர் மனைவி லட்சுமியக்கா தண்ணீர் வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

என் மனைவி எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே எதிர்வீட்டு சேலத்துக்காரம்மா ஒரு குடம். அதற்குப் பின்னால் கதவு கதவாகத் திறந்தது... வீட்டுக்கு ஒரு குடம்.

அவர் வாசலில் குடம் வைக்க இடமில்லை. தெருவில் வரிசையாக வைத்தார்கள்.

போயிட்டு வாங்கண்ணா.